ஜொகராவின் நோன்பு

மனநலப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் உங்களிடம் அதிகம் பேசப்போவது நோயாளி இல்லை. நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொல்வார். நோயாளி பக்கத்தில் நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே வரிசை நீளமாக நிற்கும், வெயில் வேறு. வந்தவர் சொன்னதையே நோயாளி சொன்னதாக எடுத்துக்கொண்டு மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். என் காலத்தில் நாங்கள் அப்படிச் செய்திருக்கிறோம். நீங்களும் செய்வீர்கள், எனக்குத் தெரியும்.

பிரசங்கம் செய்ய எனக்கு வராது. திருவாடானைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து நர்ஸ் ஆனவள் நான். சோறு வடிக்கிற மாதிரி நேராகத்தான் பேசத் தெரியும். ஆகவே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "பேரை மாத்திச் சொல்லுங்க சிஸ்டர். ஆனா நல்ல பேரா வையுங்க" என்றாள். ஜொகரா என்று வைத்திருக்கிறேன். ஊர் கடற்கரையில் ஒரு ஊர், அவ்வளவு போதும்.

வாரத்தில் ஒருநாள் இராமநாதபுரத்திலிருந்து எங்கள் வேன் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஜொகராவை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். இரண்டாவது பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில் அவளுக்கு நோய் தொடங்கியது. தூக்கம் போய்விட்டது. பேச்சு நிற்கவில்லை. பீரோவைத் திறந்து புடவைகளை எல்லாம் எடுத்துத் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறாள். மொட்டை மாடியில் ஏறி நின்று ஊருக்கே கேட்கும்படி பாடியிருக்கிறாள். புருஷனுக்குச் சவுதியில் வேலை. மாமியார்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் டாக்டர் சிகிச்சையைத் தொடங்கினார். சில வாரங்களில் பேச்சு அடங்கியது, தூக்கம் வந்தது. அதன்பின் லித்தியம் மாத்திரை காலையும் இரவும். இரண்டு வருடம் மறுபடி நோய் வரவில்லை.

நோய் வருவதற்கு முன்னால் ஜொகரா வீட்டில் தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குணமான பிறகும் அந்தப் பிள்ளைகள் வரவில்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை, வேறொரு வீட்டுக்கு ஓத அனுப்பிவிட்டார்கள். இதை அவளே ஒருதரம் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாமியாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கதையில் மாமியார் வந்தால் கொடுமைக்காரி என்று நினைத்துவிடுவீர்கள். இந்த அம்மாள் அப்படி இல்லை. மருமகளுக்கு மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுப்பார். வரச்சொன்ன நாளில் ஒரு தடவைகூடத் தவறாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு, அதற்கும் எங்கள் ஆஸ்பத்திரிதான். எல்லா வீட்டிலும் இப்படி ஒருத்தர் இருந்தால் நமக்குப் பாதி வேலை மிச்சம் என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

அந்த வருடம் ரமலான் நல்ல கோடை வெயிலில் வந்தது. அதற்கு முந்தைய வாரம் ஜொகராவும் மாமியாரும் வந்திருந்தபோது டாக்டர் தெளிவாகவே சொன்னார்: இந்த மருந்து சாப்பிடுகிறவர் பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆபத்து, அதனால் இந்த வெயிலில் நோன்பு வேண்டாம். லித்தியம் ஒரு உப்பு. குழம்பு சுண்டச் சுண்ட உப்பு ஏறுகிற மாதிரி, உடம்பில் தண்ணீர் குறையக் குறைய அது இரத்தத்தில் ஏறும். குணப்படுத்துகிற அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம்தான். டாக்டர் இதையெல்லாம் விளக்கினார். யாரைப் பார்த்து விளக்கினார் என்பது மட்டும் இப்போது எனக்கு நினைவிருக்கிறது. மாமியாரைப் பார்த்து. ஜொகரா கேட்டுக்கொண்டு நின்றாள்.

நோன்பு பாதி மாதம் தாண்டியிருக்கும். ஒரு மத்தியானம், வெளிநோயாளிகள் எல்லாம் போய் நான் மாத்திரைப் பெட்டியை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எங்கள் டாக்டர் இராமநாதபுரத்தில் வேறு வேலையாக இருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜொகராவை ஒரு பக்கம் மாமியாரும் மறுபக்கம் ஆட்டோக்காரரும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். கால் தரையில் பாவவில்லை. கைகள் உதறிக்கொண்டிருந்தன. புடவையில் வாந்தி.

மாமியார் என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டார். "பழையபடி வந்திருச்சு சிஸ்டர். நான் பொத்திப் பொத்திப் பாத்தும் வந்திருச்சு." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஒரு மாத்திரை, வியர்வையில் நனைந்து பிசுபிசுத்துக் கிடந்தது. "இந்தா பாருங்க. இன்னைக்கும் முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கா. நான் கையில கொடுத்தா வாங்கிக்கிட்டு திங்காம ஒளிக்கிறா. எத்தனை நாளா இப்படிப் பண்ணுறாளோ."

பணியில் இருந்த டாக்டர் இளைஞர், வேறு மாவட்டத்துக்காரர். நல்ல பையன், பதறாமல் வேலை பார்ப்பார். நோட்டை வாங்கிப் பழைய நோயைப் படித்தார், அந்த மாத்திரையைப் பார்த்தார், கட்டிலில் கிடந்து முனகுகிறவளைப் பார்த்தார். "மருந்தை நிறுத்திட்டாங்க, திரும்ப வந்திருக்கு. தூக்கத்துக்கு ஊசி போட்டு அமைதியாக்கிட்டு அனுப்பலாம் சிஸ்டர்" என்றார். கேட்கிற யாருக்கும் சரியாகத்தான் படும். சாட்சியம் கையில் இருக்கிறது, கொண்டுவந்தவர் அக்கறை உள்ளவர், நோயாளியால் பேச முடியவில்லை.

எனக்கு மட்டும் ஏதோ இடித்தது. நோய் வந்த ஜொகராவை நான் பார்த்திருக்கிறேன். நோய் வந்தால் அவள் மேலே ஏறுவாள். குரல் ஏறும், கண் பளபளக்கும், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டாள். கட்டிலில் கிடந்தவளோ கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். நாக்கு தடித்துப்போய் வார்த்தை குழறியது. இமை தூக்க முடியவில்லை. ஒரே ஆளுக்கு ஒரே நோய் திரும்ப வரும்போது பெரும்பாலும் பழைய முகத்தோடுதான் வரும். இது எனக்குத் தெரிந்த முகமாக இல்லை.

எங்கள் டாக்டர் எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். "மாத்திரை போடுறாங்களான்னு மட்டும் கேக்காதம்மா. எப்பப் போடுறாங்க, எதோட போடுறாங்க, யார் கையிலேருந்து வாங்கிப் போடுறாங்கன்னு கேளு" என்பார். அதைத்தான் பிடித்துக்கொண்டேன். "சார், ஊசிக்கு முன்னாடி அவகிட்ட ரெண்டு வார்த்தை தனியாப் பேசிக்கிறேன்" என்றேன்.

"பேசுற நிலைமையிலயா இருக்காங்க?"

"பேசலேன்னா ஊசியைப் போட்டுருவோம் சார். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். வயசுக்கு மரியாதை கொடுத்தாரோ என்னவோ, சரி என்று தலையாட்டிவிட்டு மாமியாரை வெளியே கூட்டிப்போனார். பிள்ளைகளே, அந்த இளம் டாக்டர் அன்றைக்குக் கௌரவம் பார்த்திருந்தால் நான் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

ஜொகராவின் உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. பேசவைக்க வேண்டுமே என்று ஒரு பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபக்கம் போய் வைத்தேன். இந்தப் பக்கம் திருப்பினாள். கையை உதறுகிறவள், கண்ணைத் திறக்க முடியாதவள், உதட்டை மட்டும் அப்படி இறுக மூடிக்கொண்டாள். தாகத்தில் சாகிற உடம்பு அது. அந்த ஊரில், அந்த மாதத்தில், தண்ணீரை அப்படி மறுக்கிறவர்கள் யார் என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

குனிந்து காதருகில் கேட்டேன். "நோம்பா தாயி?"

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தலை ஆடியது.

"எத்தனை நாளா?"

"எல்லாம்…" என்று குழறினாள். ஒருமுறை மூச்சு வாங்கிவிட்டு, "மாமிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

அடுத்த கேள்வியைக் கேட்க எனக்கே பயமாக இருந்தது. "மாத்திரையை என்னம்மா பண்ணுன? தூக்கிப் போட்டுட்டியா?"

சட்டென்று கண்ணைத் திறந்தாள். நோயிலும் அவளுக்கு ரோஷம் வந்தது. "போட்டேன் சிஸ்டர். சத்தியமா. பகல்ல போட்டா நோம்பு முறிஞ்சிருமே… முடிஞ்சு வச்சு… நோம்பு தொறந்துட்டு… ரெண்டையும் சேத்துப் போட்டேன்."

துண்டு துண்டாகத்தான் சொன்னாள். எனக்கு முழுசாக விளங்கிவிட்டது. காலையில் மாமியார் கொடுக்கும் மாத்திரையை விழுங்கினால் நோன்பு போய்விடும், வேண்டாம் என்று சொன்னால் நோன்பு இருப்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். சாயங்காலம் இரவு மாத்திரையோடு சேர்த்துப் போட்டிருக்கிறாள். ஒரு மாத்திரையைக்கூட அவள் வீணாக்கவில்லை.

வெளியே வந்து டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது. "லித்தியம் டாக்ஸிசிட்டியா, மருந்தே விஷமாயிருச்சா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர் உடனே சந்தேகமும் பட்டார். "ஆனா டோஸ் கூடலையே சிஸ்டர். அதே ரெண்டு மாத்திரைதானே? தண்ணி குறைஞ்சதுக்கு மட்டும் இவ்வளவு வேகமா வருமா?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் மாமியார் பக்கம் திரும்பினேன். "அம்மா, அவ மாத்திரையை ஒளிக்கிறான்னு தெரிஞ்ச பிறகு நீங்க என்ன பண்ணுனீக?"

அந்த அம்மாள் துப்பட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். "மகனுக்குப் போன் போட்டேன். அவகிட்ட எதுவும் கேக்காதீங்க உம்மா, கேட்டா கோவப்படுவா, கஞ்சில பொடிச்சுப் போட்ருங்கன்னான். காலையில கொடுக்கிறது, ராத்திரி கொடுக்கிறது, ரெண்டுக்கும் பதிலா ரெண்டு பொடிச்சு… நோம்புக் கஞ்சில…"

"கையிலயும் கொடுத்துக்கிட்டுதான் இருந்தீகளா?"

"சந்தேகம் வரக்கூடாதுல்ல. அதான் எப்பவும்போலக் கொடுத்தேன். அவதான் திங்கலியே."

"தின்னா அம்மா" என்றேன். "ஒண்ணு விடாமத் தின்னா. அதோட நீங்க போட்டதையும் தின்னா."

என் வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். அதை இன்னும் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்து வருந்த யாருக்கும் அவகாசம் இல்லை. எங்கள் டாக்டருக்குப் போன் போட்டோம். லித்தியத்தை உடனே நிறுத்தச் சொன்னார். இரத்தம் எடுத்துவிட்டு நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னார். இரத்தத்தைச் சுத்தப்படுத்த டயாலிசிஸ் இயந்திரம் தேவைப்பட்டாலும் படலாம் என்றார். ஆம்புலன்சுக்குச் சொல்லியாயிற்று. ஊசி குத்த ஜொகராவின் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டாள். மறுபடி பிடித்தேன். உதறுகிற கையை மார்போடு அணைத்து வைத்துக்கொண்டு, "மஃரிபு வரைக்கும்… மஃரிபு வரைக்கும்…" என்றாள். சூரியன் மறையும் நேரம் வரை விடச் சொல்கிறாள். அதற்கு இன்னும் அரைப் பொழுது இருந்தது. அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

இரண்டு பேர் அமுக்கிப் பிடித்தால் ஊசியைப் போட்டுவிடலாம். நம் பிரிவில் அது எல்லோருக்கும் தெரிந்த வழிதான், சில நேரம் வேறு வழி இருக்காது. ஆனால் அன்றைக்கு அமுக்கிப் பிடித்திருந்தால், பைத்தியம் என்று எல்லோரும் சேர்ந்து முத்திரை குத்திவிட்டார்கள் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். அதன் பிறகு எந்த மாத்திரையை நம்பி வாங்குவாள்? நான் சொன்னால் கேட்பாளா? என் மார்க்கம் வேறு. நோன்பை விடு என்று சொல்ல நான் யார்? அதைச் சொல்லக் கூடியவர் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

அவர் முன்னால் போய்க் குந்தினேன். "போன வாரம் உங்களுக்குச் சுகர் இறங்கி மயக்கமா வந்தீகளே, நோம்பு வச்சிருந்தீகள்ல? அன்னைக்கு என்ன செஞ்சீக?"

"சீனித் தண்ணி குடிச்சேன். நீங்கதானே கொடுத்தீக."

"நோம்பு?"

"விட்டுட்டேன். சீக்காளிக்கு விடலாம். அப்புறமா களா வச்சுக்கிருவேன்." விட்டுப்போன நோன்பை வேறொரு நாளில் ஈடுசெய்வதைத்தான் அவர்கள் களா என்பார்கள்.

"அதை உள்ள போய் அவகிட்ட சொல்லுங்க."

"அவளுக்கு ஏது சிஸ்டர் நோம்பு? அவளுக்குத்தான் கடமையே இல்லையே" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னைப் பார்த்தார். கட்டில் பக்கம் பார்த்தார். அந்த நேரத்தில் அவருக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் எழுந்தார். தள்ளாடிப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மருமகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஜொகரா, இங்கன பாரு புள்ள. நோம்பை விட்ரு. நீ சீக்காளி, உனக்கு விடலாம். அப்புறமாக் களா வச்சுக்கிருவோம். எனக்கும் களா இருக்கு. ரெண்டு பேரும் சேந்து வைப்போம்."

ஜொகரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் களா இருக்கா மாமி?" என்று கேட்டாள். அந்தக் குழறலிலும் அந்தக் கேள்வி எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது.

"இருக்கு புள்ள. உனக்கு இல்லாம யாருக்கு?"

கையை நீட்டிவிட்டாள். நான் ஊசியைக் குத்தினேன். உப்புத் தண்ணீர் இறங்கத் தொடங்கியது.

ஆம்புலன்சில் நானும் போனேன். அனுப்புகிற சீட்டில் டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் போகிற இடத்தில் மறுபடி ஒருவர் "மருந்தை நிறுத்திய பைத்தியம்" என்று சொல்லிவிடக் கூடாதே என்று பயம். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது லித்தியம் ஆபத்தான அளவில்தான் இருந்தது. தூக்க ஊசியைப் போட்டிருந்தால் அவள் மயங்குவது மருந்தினால் என்றே நினைத்து விட்டிருப்போம், அப்படியே போயிருப்பாள். இயந்திரம் வைத்தார்கள். சில நாட்கள் இழுபறியாக இருந்து பிழைத்துக்கொண்டாள்.

பேச்சு தெளிவான பிறகு அவளிடம் கேட்டேன். "டாக்டர் அத்தனை தூரம் சொல்லியும் ஏன்மா வச்ச?"

"டாக்டர் சொன்னதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கல சிஸ்டர். எனக்கும் புரிஞ்சுச்சு" என்றாள். "மாமி வீட்டுக்கு வந்து அக்கம்பக்கத்துல, அவளுக்கு நோம்பு கடமை இல்லைன்னு சொன்னாக. எனக்காக வக்காலத்து வாங்குறதா நெனச்சுத்தான் சொன்னாக. ஆனா யாருக்குங்க கடமை இல்லை? சின்னப் புள்ளைகளுக்கு இல்லை, புத்தி தெளியாதவுகளுக்கு இல்லை. நான் சின்னப் புள்ளையா?"

சீக்காளிக்குக் கடமை உண்டு, சலுகையும் உண்டு. இப்போது விட்டுப் பிறகு வைக்கலாம், அதுவும் முடியாதவர் ஏழைக்கு உணவு கொடுக்கலாம். புத்தி தெளியாதவருக்குக் கடமையே கிடையாது, அதனால் ஈடுசெய்யவும் ஒன்றும் கிடையாது. இந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. மாமியாருக்குத் தெரிந்திருந்தும் வாய் தவறி ஒன்றுக்கு மற்றதைச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்த தெருவும் தலையாட்டியிருக்கிறது.

"அதவிட ஒண்ணு சிஸ்டர்" என்றாள். "சஹருக்கு எல்லாரையும் எழுப்புவாக. எங்க வீட்டுல, எதுத்த வீட்டுல, தெரு பூராம் எந்திரிச்சிரும். என்னைய மட்டும் எழுப்ப மாட்டாக. பாவம், தூங்கட்டும்னு மாமி மெதுவாச் சொல்லுறது எனக்குக் கேக்கும். தட்டுச் சத்தம் கேக்கும். நான் முழிச்சுக்கிட்டே படுத்துக் கெடப்பேன். எந்திரிச்சுப் போனா நோம்பு வைக்கிறேன்னு தெரிஞ்சிருமே. அதான் சஹர் சாப்பிடாமயே வச்சேன்."

விடியலுக்கு முன் சாப்பிடுகிற அந்த ஒரு வேளை தண்ணீரும் அவளுக்குக் கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பகலில் அவளுக்கென்று மூடிவைத்த சோற்றைக் கொல்லைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறாள்.

கஞ்சி விஷயத்தை அவள் லேசில் மன்னிக்கவில்லை. "கொஞ்சம் கசந்துச்சு. மாமி ஆசையா முதக் கோப்பையை எனக்குத் தந்தாகளேன்னு சொட்டு விடாமக் குடிச்சேன்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். அதன் பிறகு மாமியார் கொண்டுவந்த எதையும் அவள் தொடவில்லை. அந்த அம்மாள் ஒவ்வொரு நாளும் பாத்திரத்தைத் திறந்து, அவள் கண்ணெதிரே முதலில் தான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் பிறகு நீட்டுவார். ஜொகரா ஜன்னல் பக்கம் பார்ப்பாள். ஆஸ்பத்திரிச் சோற்றைத்தான் தின்றாள். கடைசியில் எந்த நாளில் வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது, நான் அங்கே இல்லை.

சாப்பாட்டில் மருந்தைக் கலக்கலாமா என்று உங்களிடமும் வந்து கேட்பார்கள். பத்து வீட்டில் ஒரு வீடாவது கேட்கும். அவர்களுக்கு வேறு வழி தெரியாமல்தான் கேட்பார்கள், ஆகவே கோபப்படாதீர்கள். ஆனால் சரி என்றும் சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சோற்றில் நம்பிக்கை போன வீட்டில் மாத்திரை மட்டும் எப்படி இறங்கும்?

அவள் தேறி அடுத்த தடவை ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எங்கள் டாக்டர் ஒரு காரியம் செய்தார். ஜொகராவை நாற்காலியில் உட்காரவைத்து மாமியாரைப் பக்கத்தில் நிற்கவைத்தார். அந்த மருந்து ஏன், எவ்வளவு நாள், தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும், கை நடுங்கினால், வயிற்றால் போனால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் அவளைப் பார்த்தே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நீங்க சொல்லுங்க, நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கிறேன்" என்றார். அவள் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவள் அல்லவா. சிறுநீரகம் தேறிய பிறகு மிகக் குறைந்த அளவில் மருந்தை மறுபடி தொடங்கினோம். மாத்திரை டப்பா மாமியார் கையிலிருந்து அவள் கைக்குப் போனது.

அப்புறம் அவள் கேட்டாள். "அப்ப என் களா, டாக்டர்?"

அவர் உடனே ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மழைக்காலம் வரட்டும், இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் பார்ப்போம் என்றார். மார்க்கத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வரச் சொன்னார். மாமியார் போய்க் கேட்டுவந்தார். முடிந்தால் வைக்கட்டும், டாக்டர் வேண்டாம் என்றால் ஏழைக்கு உணவு கொடுக்கட்டும், இரண்டும் ஏற்கப்படும் என்று சொல்லியனுப்பியிருந்தார். இதை எல்லா நோயாளிக்கும் அப்படியே சொல்லிவிடாதீர்கள். அந்த மருந்தில் இருக்கிற பலருக்கு எந்தக் காலத்திலும் விரதம் கூடாது. ஜொகராவுக்கு அவர் கணக்குப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் கேளுங்கள். ரமலான் மட்டும் இல்லை, சஷ்டி விரதம் இருப்பவர் வருவார், சபரிமலைக்கு மாலை போட்டவர் வருவார், காரங்காட்டுப் பக்கத்திலிருந்து தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறவர் வருவார். விரதம் உண்டா என்று நாம் கேட்காவிட்டால், அவர்கள் நமக்குத் தெரியாமல் இருப்பார்கள்.

மழை பெய்து ஊர் குளிர்ந்து கிடந்த ஒரு காலையில் இருவரும் வந்தார்கள். முந்தைய பரிசோதனைகள் நன்றாக இருந்ததால் டாக்டர் ஒரே ஒரு நோன்புக்குச் சம்மதித்திருந்தார், அடுத்தது அன்றைய இரத்தத்தைப் பார்த்துத்தான். இரத்தம் எடுத்தால் நோன்பு முறியுமா என்பதையும் ஹஜ்ரத்திடம் கேட்டுவிட்டே வந்திருந்தார்கள். முறியாதாம். மாமியாரும் நோன்பு. அவருடைய சர்க்கரையையும் பார்த்தேன், சரியாகவே இருந்தது.

ஜொகராவின் கையைப் பிடித்தேன். நடுக்கம் இல்லை. உதடு ஈரமாக இருந்தது. இருந்தாலும் என் பயம் எனக்கு. இரத்தம் எடுத்துக்கொண்டே அதட்டினேன். "ராத்திரி மாத்திரை போட்டியா? நெறையத் தண்ணி குடிச்சியா? சஹருக்கு எந்திரிச்சியா, இல்ல பழையபடி படுத்துக் கெடந்தியா?"

அவள் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"மாமி எழுப்பிவிட்டாக, சிஸ்டர்."